மகளுக்கு ஓ.கே.யு கார்ட் (மலேசிய அரசாங்கத்தோட மாற்றுத்திறனாளி அட்டை) எடுக்கலாமா? வீட்டுல ஒரே சண்டை

மோட்டார்காரன்_செந்தூல் | செவ்வாய், இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். கடைசி ஆர்டரை இறக்கிட்டு இப்பத்தான் வந்து உட்கார்ந்தேன். எழுத்துல பிழை இருந்தா மன்னிச்சிக்குங்க.

என் மகளுக்கு நாலு வயசு ரெண்டு மாசம். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஆனா டிவியில விளம்பரம் வந்தா உள்ளே இருந்து ஓடி வந்து ஒரு எழுத்து விடாம ஒப்பிப்பா. தண்ணி வேணும்னா வாயைத் திறந்து கேட்க மாட்டா, என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி ஐஸ்பெட்டிக் கதவுல வைப்பா. கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க சுகாதார கிளினிக்ல, மிஸ்ஸிதான் (நர்ஸ்) முதல்ல கண்டுபிடிச்சாங்க. கேள்வி மேல கேள்வியா கேட்டு ஒரு தாள்ல குறிச்சாங்க. அங்கேயிருந்து பெரிய ஆஸ்பத்திரி, காது டெஸ்ட், பிள்ளைங்க டாக்டர். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆட்டிசம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஓ.கே.யு கார்ட் பாரத்துல டாக்டர் பகுதியையும் அன்னிக்கே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

அந்தப் பாரம் இன்னும் ஐஸ்பெட்டி மேலதான் கிடக்கு, பிஸ்கட் டின்னுக்கு அடியில.

மாமியார் சொல்றாங்க, "பொம்பளப் பிள்ளை. கவர்மென்டே முத்திரை குத்திட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" பத்துமலையில வேண்டிக்கிட்டு வந்திருக்காங்க, ஆறு வயசுல சரியாயிடும்ங்கிறாங்க. மனைவி ஒருநாள் எடுக்கலாம்ங்கிறா, மறுநாள் அழறா. அவ ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கம்பெனியில கணக்கு கிராணி (கிளார்க்). ரெண்டு சம்பளத்துலதான் ஓடுது.

கேட்க நினைச்சது மூணு. கார்ட் எடுத்தா என்ன நல்லது, என்ன கெட்டது? பிளாட்டுக்குப் பக்கத்துல இருக்குற பள்ளியில சேர்க்க முடியுமா? மூணாவதுதான் மனசை அரிக்குது. தனியார் சென்டர் ஒண்ணுக்கு நாலு தடவை போனோம், ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளி (ரிங்கிட்). அங்கே இருந்தவங்க, "வீட்டுல தமிழை நிறுத்துங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, பிள்ளை குழம்புது"ன்னாங்க. பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கிறது மாமியார். அவங்களுக்கு இங்கிலீஷ்ல 'பாய் பாய்' மட்டும்தான் தெரியும்.


பட்டர்வொர்த்_அங்கிள் | புதன், காலை 6:30

தம்பி, அவசரப்படாதீங்க. என் அக்கா மகன் அஞ்சு வயசு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இப்ப பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி இன்ஜினியர். இந்தக் காலத்து டாக்டருங்க எதுக்கெடுத்தாலும் ஒரு பேர் வெச்சிடுறாங்க. கார்டெல்லாம் எடுத்தா பிள்ளை மனசுலயும் அது பதிஞ்சு போயிடும். ரெண்டு வருஷம் பொறுங்க. மாமியார் பேச்சையும் கொஞ்சம் கேளுங்க, பெரியவங்க சும்மா சொல்ல மாட்டாங்க.


பழைய_கிராணி | புதன், பிற்பகல் 2:15

பட்டர்வொர்த் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க அக்கா மகன் பேசினதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா பேசாத பிள்ளைங்களோட அம்மாக்கள் இங்கே வந்து எழுதுறதில்ல, அதனால பேசின கதைதான் நமக்குக் காதுல விழுது. என் கதை இந்தப் பக்கத்துக் கதை.

தம்பி, என் மகனுக்கு இப்ப 19. பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கோம். அவனும் ஆட்டிசம்தான். நான் முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸ்ல கிராணி, எந்த ஆபீஸ்னு வேணாம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாரம் வாங்கினவ. மகனுக்காக இந்தப் பக்கம் நம்பர் எடுத்துட்டு நின்னப்பத்தான் நான் எத்தனை பேரை "அடுத்த மாசம் வாங்க"ன்னு அனுப்பியிருக்கேன்னு உறைச்சது.

மூணாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன், உங்களுக்கு அரிக்கிறது எனக்கும் அரிச்சதுதான். என் மகனுக்கு நாலு வயசுல எங்ககிட்டயும் ஒருத்தங்க இதையேதான் சொன்னாங்க. தமிழை நிறுத்தினோம். எங்கம்மாவுக்குத் தமிழை விட்டா வேற நாதி இல்ல. ரெண்டு வருஷம் அவங்க அவன்கிட்ட பேசவே பயந்தாங்க. சோறு ஊட்டுவாங்க, வாயைத் திறக்க மாட்டாங்க. நானும் வீட்டுக்காரரும் ஆபீஸ் இங்கிலீஷ்ல "கம், சிட், ஈட்"னு நாய்க்குட்டிக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டு இருந்தோம். திட்டவும் கொஞ்சவும் எனக்கு இங்கிலீஷ் வராது தம்பி. அப்போ அவன் காதுல விழுந்தது என்ன? பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சர், மலாய்க்காரப் பொண்ணு, அவங்கதான் கேட்டாங்க: "வீட்டுல யாரு அதிகமா இவனோட இருக்காங்க? அவங்க மொழியில பேசுங்க." ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசம் பிள்ளைக்குப் பேச்சு இன்னும் பிந்திப்போகும்னு ஆராய்ச்சி எதுவும் காட்டலன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. பின்னால அவன் தானா கேட்ட முதல் சொல் 'ரசம்'. எங்கம்மா சொல்ற மாதிரியே, 'ரசோ'ன்னு இழுத்து.

உங்க மாமியாரைப் பேச விடுங்க. கதை சொல்லச் சொல்லுங்க, குளிப்பாட்டும்போது கை கால் பேரெல்லாம் சொல்லச் சொல்லுங்க. 150 வெள்ளி கொடுத்து ஒரு மணி நேரம் கிடைக்கிறதை அவங்க நாள் முழுக்கக் கொடுக்கிறாங்க. இதை அவங்ககிட்ட அப்படியே சொல்லிப் பாருங்களேன். கார்ட் சண்டை பாதி அங்கேயே அடங்கிடும். அவங்களைத் தள்ளி வெச்சுட்டு நீங்களும் டாக்டரும் முடிவு பண்ணினீங்கன்னா அவங்க வேற என்ன பண்ணுவாங்க, சாமிகிட்டதான் போவாங்க. போகட்டுமே. நானும் போறவதான். ஆனா முருகன் பாரம் நிரப்ப மாட்டான்.

இப்ப கார்ட். ஓ.கே.யு பதிவு கட்டாயம் இல்ல, நாமளா விரும்பிப் பண்றது. 2008-ல வந்த ஓ.கே.யு சட்டத்துக்குக் கீழ ஜே.கே.எம், அதான் நம்ம கெபாஜிக்கான் (சமூகநல) ஆபீஸ், கொடுக்குது. காசு கிடையாது. காது, கண், பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒண்ணுக்கு மேல இருந்தா பலவகைன்னு மொத்தம் ஏழு பிரிவு. ஆட்டிசம் 'மசாலா பெம்பெலாஜாரான்', அதாவது கற்றல் சிரமம்ங்கிற பிரிவுல வரும். எங்கம்மா முதல் தடவை இதைக் கேட்டுட்டு, "என்னடி மசாலா, பிள்ளைக்கு ஒத்துக்கலையா?"ன்னாங்க. அன்னிக்கு ஆபீஸ்ல நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்த அம்மாவும் சிரிச்சு, அவங்க மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், இன்னிக்கு வரைக்கும் நாங்க தோழிங்க.

கார்ட்ல என்ன கிடைக்கும்? அரசாங்க ஆஸ்பத்திரியில வெளிநோயாளி சிகிச்சைக்கும் மூணாம் வகுப்பு வார்டுக்கும் காசு இல்ல. பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் இல்ல. பள்ளியில சிறப்புக் கல்வி வகுப்புல சேர்ந்தா மாசம் 150 வெள்ளி உதவித்தொகை. உங்க வீட்டுக்காரம்மா வரி கட்டுறவங்கன்னா இதை நல்லா கேட்டுக்கச் சொல்லுங்க: ஓ.கே.யு பிள்ளைக்கான கூடுதல் வரிக்கழிவு 6,000 வெள்ளியா இருந்தது, 2025 வரி ஆண்டுலேர்ந்து 8,000. அது போக ஆட்டிசம் மாதிரி பிள்ளைங்களைப் பரிசோதிச்ச செலவு, பயிற்சிச் செலவுக்குத் தனியா 6,000 வரைக்கும் கழிக்கலாம், முன்னாடி 4,000. பயிற்சி கொடுக்கிறவங்க முறையாப் பதிவு பெற்றவங்களா இருக்கணும், ரசீது இருக்கணும். அந்த நாலு தடவை 150-க்கு ரசீது வாங்கினீங்களா? வாங்கலன்னா நாளைக்கே போய்க் கேளுங்க. கூடவே பதிவு நம்பர் இருக்கான்னும் கேளுங்க, முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க.

கெட்டதுன்னு கேட்டீங்க. இவ்வளவு வருஷத்துல கார்டால எனக்கு ஒரு கெட்டதும் வரல. அது தனிக் கார்ட், பர்ஸ்ல வெச்சுக்கிட்டு வேணும்னா காட்டலாம், வேண்டாம்னா யாருக்கும் தெரியப்போறதில்ல. கல்யாணப் பேச்சு எடுக்கிற அளவுக்குப் பாப்பா வளர்ந்து வந்து நின்னா மாமியார் கையாலேயே அந்தக் கார்டைக் கிழிச்சுப் போடட்டும், நான் வந்து கைதட்டுறேன். என் குறை வேற. சட்டத்துக்குப் பல்லு இல்ல. மீறினா என்ன தண்டனைன்னு அதுல இல்ல, அரசாங்கத்து மேல வழக்குப் போட முடியாதபடி 41-வது பிரிவுல ஒரு பூட்டும் போட்டு வெச்சிருக்காங்க. அதனால கார்ட் வந்ததும் எல்லாம் தன்னால நடக்கும்னு உட்கார்ந்துடாதீங்க.

அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு சொல்வாங்க. நம்ம பிள்ளைங்க எதுக்கு அழறாங்கன்னு நமக்கே புரியாது, கவுன்டர்ல இருக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்? நாமதான் அழணும். அதையும் தாள்ல அழணும், வாயால அழுதா கணக்குல வராது.

ஒரு சம்பவம் சொல்றேன். மகனைப் பள்ளியில சேர்க்கப் போனேன். பேர் வேணாம். தலைமையாசிரியர் நல்ல மனுஷன் மாதிரி டீயெல்லாம் கொடுத்து, "வகுப்பு நிறைஞ்சிருச்சு மேடம், அடுத்த வருஷம் பார்ப்போம்"னார். முதல் வருஷம் நம்பி வந்துட்டேன். ரெண்டாவது வருஷமும் அதே டீ, அதே பேச்சு. அப்பத்தான் என் பழைய புத்தி வந்தது. "சரி சார், இதையே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, கல்வி ஆபீஸ்ல கேட்டா காட்டணும்"னேன். எழுதல. நான் எழுதினேன். இன்ன தேதியில மகனைச் சேர்க்கக் கேட்டேன், இடம் இல்லன்னு இவர் சொன்னார், 2008 சட்டத்தோட 28-வது பிரிவு ஊனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைக் கல்வியிலேர்ந்து ஒதுக்கக்கூடாதுங்குது, எழுத்துல பதில் வேணும். அவ்வளவுதான், அரைப் பக்கம், மலாய்ல. ரெண்டு நகல். ஒண்ணை அங்கேயே கொடுத்து இன்னொண்ணுல 'தெரிமா', அதாவது பெற்றுக்கொண்டோம்னு தேதியோட சாப்பு குத்தி வாங்கிக்கிட்டேன். ஒன்பதாவது நாள் போன் வந்தது, இடம் இருக்குதாம். எங்கேயிருந்து முளைச்சதோ.

முத்திரை முத்திரைன்னு மாமியார் பயப்படுறாங்க இல்ல, நமக்கு வேண்டிய முத்திரை அந்தத் தேதிச் சாப்புதான்.

ஒரு பெரிய ஃபைல் வாங்குங்க. சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), மைகிட் (பிள்ளையோட அடையாள அட்டை), உங்க ரெண்டு பேர் ஐசி, டாக்டர் கடிதம், காது டெஸ்ட் ரிசல்ட், பாப்பா படம், எல்லாத்துலயும் மூணு மூணு ஃபோட்டோஸ்டேட். ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டுங்க, கொடுக்காதீங்க. பின்னாடி ஒரு நோட்டுப் புத்தகம்: எந்தத் தேதி, எந்த ஆபீஸ், யார்கிட்ட பேசினேன், என்ன சொன்னாங்க. என் நோட்டு இப்ப ஏழாவது நடக்குது. "போன மாசம் யாரோ சொன்னாங்க"ன்னா யாரும் மதிக்க மாட்டாங்க. "14-ஆம் தேதி காலைல பத்தரைக்கு மூணாம் கவுன்டர்ல சொன்னாங்க"ன்னா நிமிர்ந்து உட்கார்வாங்க.

நீங்க செந்தூல்காரர். ஆட்டிசம் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கான அரசாங்க மையம் ஜெனியஸ் கூர்னியா உங்க செந்தூல்லயே இருக்கு, முன்னாடி பெர்மாத்தா கூர்னியான்னு பேர். அங்கே எழுதிப் போடுங்க. இடம் கிடைக்கிறது லேசு இல்ல, ஆனா எழுதிப் போடாதவங்களுக்கு நிச்சயமா கிடைக்காது. நாசோம்னு ஆட்டிசம் சங்கம் ஒண்ணு 1987-லேர்ந்து இருக்கு, அங்கேயும் கேளுங்க. ஆஸ்பத்திரி தெராபி அப்பாயின்மென்டையும் விட்டுடாதீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவைதானேன்னு சலிச்சுக்கிட்டு நிறுத்தினா பேர் அடியில போயிடும்.

பி.டி.கே பத்தியும் சொல்லணும். 1984-ல திரங்கானுல பத்து ராகிட்டுங்கிற ஊர்ல ஆரம்பிச்ச திட்டம், இப்ப நாடு முழுக்க இருக்கு. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்குப் பகல்ல பயிற்சி கொடுக்கிற இடம். என் மகன் இப்ப அங்கதான் போறான், துண்டு மடிக்கிறான், செடிக்குத் தண்ணி ஊத்துறான். சாயங்காலம் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். மணிச் சத்தம் தாங்காது, காதுக்கு ஹெட்போன் மாட்டிக்குவான். வாசல்ல கிடக்கிற செருப்பையெல்லாம் சைஸ் வாரியா அடுக்கி வைப்பான். வர்றவங்க செருப்பைத் தேடித் திட்டுவாங்க. இப்பப் பழகிட்டாங்க, நேரா வரிசையில போய்த் தேடுறாங்க.

சோறு அடுப்புல இருக்கு. மீதி அப்புறம்.


சிக்கு_கெப்போங் | புதன், இரவு 9:05

வணக்கம். நான் ஒரு தேசியப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியை (மலாயில் 'சிக்கு'). கிராணி அக்கா பள்ளியைப் பற்றிச் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறப்பு வகுப்பை பி.பி.கே.ஐ என்போம். சில தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. உங்கள் பகுதியில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கல்வி அலுவலகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவில் கேட்டால் பட்டியல் தருவார்கள். பிளாட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் அந்த வகுப்பு இல்லையென்றால் அங்கே போய்ச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பாலர் பள்ளி நிலையிலும் சிறப்பு வகுப்புகள் இருக்கின்றன, எனவே ஏழு வயது வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கேளுங்கள்.

சேர்ந்த பிறகு மூன்று மாதம் வரை பார்த்துவிட்டுத்தான் எந்த வகுப்பு பொருந்தும் என்று முடிவாகும். "மூணு மாசம் பார்த்துட்டு அனுப்பிடுவாங்களோ" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். 2019-லிருந்து எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அமைச்சின் கொள்கை. இந்தப் பள்ளி பொருந்தவில்லை என்றால் எது பொருந்தும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆர்.பி.ஐ என்று தனிக் கல்வித் திட்டம் எழுதுவோம். பெற்றோரும் அதில் கையெழுத்திட வேண்டும். உண்மையைச் சொல்லட்டுமா? பாதிப் பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். படியுங்கள். "எழுத்துகளை அடையாளம் காண்பாள்" என்று நாங்கள் எழுதியிருந்தால், "அதற்கு முன்னால் கழிவறைக்குப் போகணும் என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள் சிக்கு" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கும் பெற்றோரை எனக்குப் பிடிக்கும். மாதம் 150 வெள்ளிக்கும் பள்ளியில் கார்ட் நகல் கேட்போம்.


பட்டர்வொர்த்_அங்கிள் | புதன், இரவு 10:20

கிராணிம்மா, கோவமெல்லாம் இல்ல. எங்க ஃபிளாட்ல கீழ் வீட்டுல ஒரு பையன் இருக்கான், பதினொரு வயசு. பள்ளிக்கே போகல, வீட்டுக்குள்ளயே இருக்கான். நீங்க எழுதினதைப் படிச்சதும் அவன் ஞாபகம் வந்தது. பதினொரு வயசுல இப்பப் போயிக் கேட்டா எடுப்பாங்களா?


சிக்கு_கெப்போங் | புதன், இரவு 10:41

எடுப்பார்கள் அங்கிள். சிறப்புக் கல்வி மாணவர்கள் 14 வயது வரை தொடக்கப்பள்ளியில் இருக்கலாம், இடைநிலைப்பள்ளி 19 வரை. நாளையே அந்த அம்மாவைப் பட்டர்வொர்த் கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போங்கள், கடிதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்களும் கூடப் போனால் நல்லது.


மோட்டார்காரன்_செந்தூல் | வியாழன், இரவு 12:30

கிராணி அக்கா, சிக்கு, ரொம்ப நன்றி. அக்கா எழுதினதை மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன். அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனா கண்ணாடி உடைஞ்சு போச்சு. 'ரசோ' வந்த இடத்துல எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க. ரொம்ப நேரம் வரல. அப்புறம் வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அப்போ நான் பேசலாமா?"

கார்ட் விஷயத்துல ஒண்ணும் சொல்லல. ஆனா பிஸ்கட் டின்னை நகர்த்தி வெச்சிருக்காங்க.

ரசீது வாங்கல அக்கா. நாளைக்குப் போறேன்.


பழைய_கிராணி | வியாழன், காலை 7:10

அவங்களையும் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. பாட்டி கூட வந்தா கவுன்டர்ல கொஞ்சம் மரியாதையாப் பேசுவாங்க, என் அனுபவம். பாரத்தை இணையத்துலயும் போடலாம், ஸ்மோக்குன்னு அவங்க தளம் இருக்கு. ஆனா முதல் தடவை நேர்ல போங்க. திங்கக்கிழமை வேணாம், கூட்டம். பாப்பாவுக்குக் கொறிக்க ஏதாவது, மாத்துத் துணி ஒண்ணு. டாக்டர் எழுதின பகுதியில நீங்க பேனா வைக்காதீங்க.

கண்ணாடி மாத்திக் கொடுங்க அவங்களுக்கு.


மோட்டார்காரன்_செந்தூல் | செவ்வாய், காலை 10:48

அக்கா, ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன். மோட்டாரை விட்டுட்டு நாலு பேரும் கிராப்ல வந்தோம். எங்க நம்பர் 1038, இப்ப 1021 ஓடுது. பாரத்துல போடுற பாப்பா படத்துல அவ கேமராவைப் பார்க்கல, அந்தப் பக்கம் பார்க்கிறா. திருப்பி அனுப்பிடுவாங்களா?


பழைய_கிராணி | செவ்வாய், காலை 10:55

முகம் தெரியுதுல்ல? கொடுங்க. கேட்டா, "இவ கேமராவைப் பார்த்திருந்தா நாங்க இங்கே வந்திருக்கவே மாட்டோமே"ன்னு சொல்லுங்க. சாப்பு குத்தின நகல் கைக்கு வராம வாசலைத் தாண்டாதீங்க.


மோட்டார்காரன்_செந்தூல் | செவ்வாய், பிற்பகல் 12:20

வாங்கியாச்சு. தேதியோட. படத்தைப் பத்தி ஒண்ணும் கேட்கல. ஆனா நாங்க பேசிட்டு இருந்த நேரத்துல பாப்பா நம்பர் மிஷின் பட்டனை அமுக்கி அமுக்கி 14 நம்பர் எடுத்துட்டா. மாமியார் அதையெல்லாம் வெளியில நின்னவங்களுக்கு வரிசையா கொடுத்துட்டு வந்தாங்க.